மூக்கு கைவிடும் இடத்தில் ஒரு பச்சைப் படலம்

காற்றில் கலந்திருக்கும் தீங்கான ஆவிகளை அறிந்துகொள்ள மனிதனுக்கு இயற்கையாக அமைந்த கருவி மூக்கு ஒன்றே. ஆனால் மிகக் கொடிய வாயுக்களில் ஒன்றான ஹைட்ரஜன் சல்ஃபைடின் முன்னால் அந்தக் கருவி, மிகவும் தேவைப்படும் நேரத்தில், செயலிழந்துபோகிறது. அழுகிய முட்டை நாற்றம் கொண்ட இந்த வாயு, காற்றின் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்கில் உறைத்துவிடும். பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்னும் இந்த அளவையே பிபிஎம் என்று சுருக்கி வழங்குகிறார்கள். அதே வாயு 100 பிபிஎம் அளவை எட்டும்போது சில நிமிடங்களுக்குள் நுகரும் திறன் மரத்துப்போய்விடுவதால், நாற்றம் அடங்கிவிட்டது, இனி இறங்கலாம் என்று அங்கே நிற்பவர் எண்ணிக்கொள்கிறார். 500 முதல் 700 பிபிஎம் வரையிலான காற்றில் ஐந்து நிமிடங்களில் தள்ளாடி விழுகிறார். 1000 பிபிஎம்மை நெருங்கினால் ஓரிரு மூச்சே போதுமானது. கழிவுத்தொட்டியில் மயங்கி விழுந்தவரைத் தூக்கப் போனவரும் அவருக்குப் பின்னே போனவரும் அடுத்தடுத்து விழுந்தார்கள் என்ற செய்தி நாளிதழ்களில் மீண்டும் மீண்டும் வருவதற்கு இதுவே காரணமாகும். அவர்கள் அஜாக்கிரதையால் விழவில்லை, ஆபத்தைச் சொல்ல வேண்டிய புலன் அவர்களைக் கைவிட்டுவிட்டது.

திண்டுக்கல் நகரையும் அதைச் சூழ்ந்த குடகனாற்றுச் சமவெளியையும் பொறுத்தவரை இந்த வாயு பாடநூலோடு நின்றுவிடும் பொருள் அன்று. பூட்டுக்கும் புகையிலைக்கும் பெயர்பெற்ற இந்த ஊரின் மூன்றாவது பெருந்தொழில் தோல் பதனிடுதல். ஊர் வழக்கில் தோல் ஷாப் என்று சொல்லப்படும் ஆலைகள் அறுபதுக்கும் மேல், மதுரை, வத்தலக்குண்டு, பொன்மாந்துறைச் சாலைகளை ஒட்டி நெடுங்காலமாக இயங்கிவந்துள்ளன. ஆவாரம்பட்டையும் பிற்காலத்தில் வாட்டில் பட்டையும் ஊறிய நீரில் ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் பதப்படுத்தும் பழைய முறையானாலும், குரோமியம் உப்பைக் கொண்டு செய்யும் புதிய முறையானாலும், அதற்கு முன்னால் தோலிலிருந்து மயிரை நீக்கியாக வேண்டும். இதற்காகச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கரைத்த குழியிலோ டிரம்மிலோ தோலை ஊறவைக்கிறார்கள். பின்னர் தோலுக்குள் ஏறிய சுண்ணாம்பை வெளியேற்ற அம்மோனியம் சல்ஃபேட் சேர்க்கப்படும்போது அம்மோனியா எழுகிறது; டிரம்மின் மூடியைத் திறப்பவருக்குக் கண் எரிவதும் தொண்டை கமறுவதும் அதனால்தான். அதற்கும் அடுத்த கட்டத்தில் உப்பும் கந்தக அமிலமும் சேர்த்துத் தோலைப் புளிக்கவைக்கிறார்கள்.

ஆபத்து ஒளிந்திருப்பது இந்தக் கட்டங்களுக்கு இடையே ஆகும். சல்ஃபைடு கலந்த சுண்ணாம்பு நீர் கடுமையான காரத்தன்மை உடையது, அதன் பிஎச் மதிப்பு 12-க்கு மேல். அந்த நிலையில் சல்ஃபைடு கரைசலுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும், காற்றுக்கு வராது. அந்த நீர் அமிலக் கழிவோடு ஒரே வாய்க்காலில் சேர்ந்து பிஎச் 7-க்குக் கீழே இறங்கும்போது, அதில் இருந்த சல்ஃபைடில் பெரும்பகுதி ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக மாறி மேலே கிளம்பிவிடுகிறது. சரியாகக் கழுவப்படாத தோலின் உட்புறத்தில் சல்ஃபைடு தங்கியிருந்தால், அமிலம் ஊற்றியதும் மூடிய டிரம்முக்குள்ளேயே இது நிகழும். அமிலமே சேராவிட்டாலும்கூட, நாட்கணக்கில் தேங்கிய கசடுத் தொட்டிகளில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக மாற்றிக்கொண்டே இருக்கின்றன. கசடைக் கிளறும்போது அடியில் சிறைப்பட்டிருந்த வாயு ஒரே மூச்சில் வெளியேறுகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடச் சற்றுக் கனமானது என்பதால் குழியின் அடியில் படிகிறது. அம்மோனியா காற்றைவிட இலேசானது என்பதால் கூரையை நோக்கி எழுகிறது. மேலே நிற்கும் மேற்பார்வையாளர் சுவாசிக்கும் காற்றும், குழிக்குள் நிற்கும் தொழிலாளி சுவாசிக்கும் காற்றும் ஒன்றல்ல.

திண்டுக்கல் தோல் தொழிலின் மாசு பற்றி நாடு பேசியதெல்லாம் பெரும்பாலும் நீரைப் பற்றியதே. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்கப்பட்டு, அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டங்களோடு திண்டுக்கல் அண்ணா மாவட்டத்தின் ஆலைகள் மீதும் தலா 10,000 ரூபாய் மாசு அபராதம் விதிக்கப்பட்டது. ஹைதராபாதிலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தினர் குடகனாற்றுப் படுகையின் கிணறுகளில் உப்பும் குரோமியமும் பரவிய விதத்தை விரிவாக ஆராய்ந்து எழுதினர். கிணறும் நிலமும் கெட்டதால் நேர்ந்த இழப்பு கண்ணுக்குத் தெரிந்தது, அளக்கவும் முடிந்தது. ஆகவே வழக்குமன்றம் வரை போக முடிந்தது. ஆலைக்குள் இருக்கும் காற்றோ வந்த சுவடு தெரியாமல் கலைந்துவிடும் இயல்புடையது. அதை அந்த நொடியில் அளக்காவிட்டால் பிறகு அளப்பதற்கு ஒன்றுமே மிஞ்சாது.

இதற்குத் தமிழகத்தின் அண்மைக்கால வரலாறே சான்று தருகிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில், உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறி வீதிக்கு ஓடிய பின்னர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையருகே எடுத்த அளவீடு ஒரு கனமீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் என்று காட்டியது. இந்தியக் காற்றுத் தரநிலை அனுமதிக்கும் 24 மணி நேர அளவு 400 மைக்ரோகிராம். அந்த எண் கசிவுக்குப் பின் எடுத்த எண்; குடிசைகளுக்குள் வாயு நுழைந்த முதல் நிமிடங்களில் அது எவ்வளவாக இருந்தது என்பதைச் சொல்ல அங்கே எந்தக் கருவியும் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. ஆங்காங்கே, மலிவாக, மின்சாரம் அதிகம் கேட்காமல், வீட்டு வாசலிலும் தொழிலாளியின் சட்டையிலும் பொருத்தத்தக்க உணரிகள் வேண்டும் என்ற தேவையிலிருந்தே பாலிமர் மெல்படலங்களைப் பற்றிய ஆராய்ச்சி வலுப்பெற்றது.

பாலிமர் என்பது ஒரே வகைச் சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டு உருவாகும் நீண்ட சங்கிலி. நெகிழிப் பைகளிலும் மின்கம்பி உறைகளிலும் பழகியதால், பாலிமர் என்றாலே மின்சாரத்தைக் கடத்தாத பொருள் என்ற எண்ணம் ஊறியிருந்தது. 1977-இல் ஹிடேகி ஷிரகாவா, ஆலன் மக்டியார்மிட், ஆலன் ஹீகர் ஆகிய மூவரும் தம் குழுவினரோடு, பாலிஅசெட்டிலீன் படலத்தின் மீது அயோடின் ஆவியைச் செலுத்தியபோது அதன் கடத்துதிறன் பல லட்சம் மடங்கு உயர்வதைக் காட்டினர். 2000-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இவர்களுக்கு வழங்கப்பட்டது. இந்தக் கண்டுபிடிப்பு பெரும்பாலும் பிளாஸ்டிக் கம்பி, வளையும் திரை என்ற கோணத்திலேயே பேசப்படுகிறது. உற்று நோக்கினால், அந்த முதல் பரிசோதனையே ஓர் ஆவி உணரியின் பரிசோதனைதான்: காற்றில் ஓர் ஆவி வந்தது, படலத்தின் மின்தடை மாறியது. மின்கம்பி செய்ய விரும்பியவர்களுக்குக் குறையாகப்பட்ட இந்த எளிதில் மாறும் தன்மை, உணரி செய்ய விரும்பியவர்களுக்கு மூலதனமாக அமைந்தது. 1983-இலேயே சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் பாலிபிர்ரோல் என்னும் பாலிமரைக் கொண்டு அம்மோனியாவை அறியும் கருவியொன்றை விவரித்துவிட்டனர்.

தோல் ஷாப்பின் தேவைக்கு மிக நெருங்கிய பொருள் பாலிஅனிலின். சாயத் தொழிலுக்குப் பழக்கமான அனிலினிலிருந்து இது பிறக்கிறது. தயாரிப்பதற்கு விலையுயர்ந்த கருவிகளோ வெற்றிட அறைகளோ வேண்டியதில்லை. அனிலின் ஹைட்ரோகுளோரைடைக் கரைத்த நீரில் அம்மோனியம் பெர்சல்ஃபேட் கரைசலை ஊற்றிவிட்டு, அதற்குள் ஒரு கண்ணாடித் தகட்டை நிறுத்தி வைத்தால், சில நிமிடங்கள் சலனமின்றி இருக்கும் நீர் மெல்ல நீலம் பூத்து, பிறகு ஆழ்ந்து, முடிவில் கரும்பச்சையாகிவிடும். தகட்டை எடுத்து நீர்த்த அமிலத்தில் அலசிப் பார்த்தால் அதன் மீது ஒளி ஊடுருவும் பச்சைப் படலம் ஒன்று ஒட்டியிருக்கும். அதன் தடிமன் நூறிலிருந்து இருநூறு நானோமீட்டர், அதாவது தலைமுடியின் குறுக்களவில் பல நூறில் ஒரு பங்கு. பல நாடுகளின் ஆய்வகங்கள் இதே செய்முறையைத் தனித்தனியே செய்து பார்த்து 2002-இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கையில், இப்படிக் கிடைத்த பொருளின் கடத்துதிறன் சராசரியாகச் சென்டிமீட்டருக்கு 4.4 சீமன்ஸ் என்று பதிவாகியுள்ளது. உலோகங்களோடு ஒப்பிட்டால் இது மிகச் சொற்பம் என்றாலும், ஒரு சாதாரண மல்ட்டிமீட்டரின் முனைகளைத் தொட்டு அளந்துவிடக்கூடிய அளவு.

அந்தப் பச்சைத் தகட்டை அம்மோனியா நீர் வைத்த புட்டியின் வாய்க்கு மேல் பிடித்தால் சில நொடிகளில் அது நீலமாகிறது. அதே வேளையில் மல்ட்டிமீட்டர் காட்டும் தடை ஏறிக்கொண்டே போகிறது. பச்சை நிலையில் பாலிஅனிலின் சங்கிலியின் நைட்ரஜன் அணுக்களில் ஒரு பகுதி அமிலத்திடமிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பெற்று நேர்மின்னேற்றம் கொண்டிருப்பதால், அந்த ஏற்றம் சங்கிலி நெடுக நகர்ந்து மின்னோட்டமாகிறது. அம்மோனியா காரம் ஆகையால் அந்த அயனியைப் பறித்துக்கொள்கிறது. நகர்வதற்கு ஏற்றம் இல்லாமல் சங்கிலி முடங்கி நீல நிறம் கொள்கிறது. முழுமையாக அயனி இழந்த படலத்தின் கடத்துதிறன் கோடிக்கணக்கான மடங்கு தாழ்ந்துவிடும் என்பதால், அதில் மிகச் சிறு பகுதி மட்டுமே மாறினாலும் அளவீட்டில் தெரிந்துவிடுகிறது. தகட்டைத் தூய காற்றில் வைத்தால் அம்மோனியா வெளியேறி, பச்சை பெருமளவு திரும்புகிறது. இவை அனைத்தும் அறை வெப்பத்திலேயே நடக்கின்றன என்பதில்தான் இதன் பெருமதிப்பு அடங்கியிருக்கிறது. பரவலாக உள்ள வெள்ளீய ஆக்சைடு உணரிகளை வேலைசெய்ய வைக்க 200 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்ற வேண்டியிருப்பதால், சிறிய பேட்டரியில் நாட்கணக்காக ஓட்டுவது கடினம்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு இவ்வளவு இணக்கமானதன்று. அது மிக வலுக்குறைந்த அமிலம். பாலிஅனிலினுக்கு அயனியைத் தரவும் மாட்டாது, அதனிடமிருந்து பறிக்கவும் மாட்டாது. கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் கேனர் முதலிய ஆய்வாளர்கள் 2005-ஐ ஒட்டி இதற்குக் கண்ட வழி வேதியியலின் நயத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. பாலிஅனிலின் நுண்ணிழைகளோடு தாமிரக் குளோரைடைக் கலந்துவிட்டால், ஹைட்ரஜன் சல்ஃபைடு தாமிரத்தோடு சேர்ந்து தாமிர சல்ஃபைடாகப் படிந்து, அந்த வினையில் வலிமைமிக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடுவிக்கிறது. அந்த அமிலம் அருகிலுள்ள பாலிமரைப் பச்சை நிலைக்குத் தள்ளிக் கடத்துதிறனை உயர்த்துகிறது. அம்மோனியா வந்தால் தடை ஏறுகிறது, ஹைட்ரஜன் சல்ஃபைடு வந்தால் தடை இறங்குகிறது. ஒரே ஆலையில் எழும் இரு வாயுக்களும் எதிரெதிர்த் திசைகளில் தம்மைக் காட்டிக்கொள்கின்றன. இதில் ஒரு சிக்கலும் உண்டு. தாமிர சல்ஃபைடு மீண்டும் தாமிரக் குளோரைடாக மாறுவதில்லை என்பதால், இத்தகைய படலம் ஒருமுறை நன்கு வாயுவைக் கண்டபின் மாற்றப்பட வேண்டியதாகிவிடுகிறது. குழிக்குள் இறங்குபவரின் உயிரோடு ஒப்பிட்டால் அது பெரிய குறையாகத் தோன்றவில்லை.

மின்தடையைத் தவிர வேறு வழிகளிலும் பாலிமர் படலங்கள் ஆவியை அறிவிக்கின்றன. கரைப்பான்களின் ஆவியை உறிஞ்சி உப்பும் ரப்பர் போன்ற பாலிமரில் கரித்தூளைக் கலந்து பூசினால், படலம் உப்பும்போது கரித்துகள்கள் ஒன்றையொன்று விட்டு விலகித் தடை கூடுகிறது; வெவ்வேறு பாலிமர்களை வரிசையாக வைத்து, எது எவ்வளவு உப்பியது என்ற கோலத்தைக் கொண்டு ஆவியை இனங்காணும் மின்னணு மூக்குகளை 1990-களில் நேதன் லூயிஸ் குழுவினர் உருவாக்கினர். தோலுக்கு இறுதியில் மெருகு பூசும் கூடங்களில் எழும் கரைப்பான் ஆவிகளுக்கு இவ்வகை பொருந்தும். திமொத்தி ஸ்வேகர் உருவாக்கிய ஒளிரும் பாலிமர்ப் படலங்கள் டிஎன்டி வெடிமருந்தின் ஆவி பட்டதும் ஒளி மங்குவதால் கண்ணிவெடி தேடப் பயன்பட்டன. எல்லா நஞ்சுக்கும் பாலிமரே மருந்து என்றும் எண்ணிவிடக் கூடாது. இதே மாவட்டத்தின் மலைமேல், கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையில் தொழிலாளர்களைச் சூழ்ந்திருந்த பாதரச ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பாதரசத்தை அளக்கக் காலங்காலமாகத் தங்க மெல்படலமே நம்பகமாகப் பயன்பட்டு வருகிறது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கான உடன்பாடு எட்டப்பட 2016 வரை ஆயிற்று என்பதை நினைத்தால், காற்றை உரிய காலத்தில் அளக்காமல் விடுவதன் விலை விளங்கும்.

இத்தனை ஆண்டு ஆராய்ச்சிக்குப் பின்னும் சந்தையில் விற்கும் கையடக்க வாயு எச்சரிக்கைக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது பாலிமர் படலமன்று, மின்வேதிக் கலமே. சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும் அந்தக் கலங்களை மாற்றியாக வேண்டும், அளவுதிருத்தமும் அவ்வப்போது செய்தாக வேண்டும், விலையும் சிறு ஆலைகளைத் தயங்கவைக்கிறது. இருந்தும் அவை முன்னிற்பதற்குக் காரணம் நம்பகம். பாலிஅனிலின் படலத்தின் முதல் எதிரி ஈரப்பதம்: நீராவி படிந்தாலே கடத்துதிறன் மாறிவிடுவதால், வாயு வந்ததா மழைக்காற்று வந்ததா என்று கருவி குழம்புகிறது. இரண்டாவது எதிரி வெப்பம்: ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பச்சையாக்கப்பட்ட படலத்திலிருந்து அந்த அமிலம் நாளடைவில் ஆவியாகிப் போய்விடுகிறது. உலர் நைட்ரஜன் நிரப்பிய ஆய்வகப் பெட்டிக்குள் ஒரு பிபிஎம்முக்கும் குறைவான அம்மோனியாவைக் கண்டுபிடித்ததாகப் பெருமைகொள்ளும் கட்டுரைகள் ஏராளம். தரையெல்லாம் நீர் ஓடும், சித்திரையில் கொதிக்கும், ஐப்பசி மழையில் சுவர் வியர்க்கும் ஒரு தோல் ஷாப்பில் அதே படலம் மூன்று மாதம் தாங்கியது என்று சொல்லும் கட்டுரைகள் மிகச் சில. வழிகள் இல்லாமல் இல்லை. எளிதில் ஆவியாகாத கற்பூர சல்ஃபோனிக் அமிலம் போன்ற பெரிய மூலக்கூறுகளைக் கலக்கலாம். வாயு புகாதபடி மூடிய இன்னொரு படலத்தை அருகில் வைத்து வெப்பத்தால் நேரும் மாற்றத்தைக் கழிக்கலாம். ஈரப்பத உணரியைச் சேர்த்துக் கணக்கிட்டுத் திருத்தலாம். இவை சிறிய சேர்க்கைகளாகத் தோன்றினாலும், ஆய்வுக் கட்டுரைக்கும் ஆபத்து மணிக்கும் இடையே உள்ள தொலைவு முழுவதும் இவற்றில்தான் இருக்கிறது.

போபால் பேரழிவுக்குப் பின், 1987-இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் தனி அத்தியாயம் ஒன்று சேர்க்கப்பட்டது. அதன் அட்டவணையில் ஆபத்தான தொழில்களின் வரிசையில் தோல் பதனிடுதலும் மின்முலாம் பூசுதலும் இடம்பெற்றன. எட்டு மணி நேரப் பணிக்கு அம்மோனியா 25 பிபிஎம், ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம் என்றும், குறுகிய நேரத்துக்கு முறையே 35, 15 என்றும் வரம்புகள் குறிக்கப்பட்டன. உயிருக்கு ஆபத்து நெருங்குவதாகக் கருதும் தொழிலாளி அதை நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கும் உரிமையையும் 41-எச் பிரிவு அளித்தது. எழுத்தில் இது அருமையான உரிமை. எனினும் நாள்கூலிக்கும் ஒப்பந்தக் கூலிக்கும் வருபவர், காற்று கெட்டிருக்கிறது என்பதற்குத் தன் மூக்கைத் தவிர வேறு சாட்சி இல்லாத நிலையில், அந்த உரிமையை எடுத்துப் பேசுவது எளிதன்று; அவருடைய மூக்கு எந்த அளவில் மரத்துப்போகும் என்பது முன்னரே கூறப்பட்டது. சட்டைப்பையில் செருகிய அட்டை ஒன்று 10 பிபிஎம்மில் நிறம் மாறுமானால், அதே தொழிலாளியின் சொல்லுக்கு ஓர் எண் துணைநிற்கும்.

இதைச் செய்வதற்கான அறிவு தொலைதேசத்திலிருந்து வர வேண்டியதில்லை. டி.எஸ்.சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமத்திலிருந்து, 1956-இல் கிளைத்த கிராமிய நிறுவனம் சின்னாளபட்டியை ஒட்டி, திண்டுக்கல் நகரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது. 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான அதன் வேதியியல் துறையில், மின்முனைகளின் மேல் பாலிமர் மெல்படலங்களை மின்முறையில் வளர்த்து, டோபமைன், யூரிக் அமிலம் போன்றவற்றைக் கரைசல்களில் கண்டறியும் ஆய்வுகள் நெடுங்காலமாக நடந்துவருகின்றன. கரைசலில் பழகிய அந்தக் கை ஆவிக்கும் பழகுவது பெரிய தாவல் அன்று. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி எழுந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் கடத்தும் பாலிமர்களை நன்கறிந்தது. தோல் ஷாப்பின் ஒவ்வொரு குழியிலும் என்ன நடக்கிறது என்பது சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தெரியும்.

செய்யத்தக்க சோதனை எளியது. சுண்ணாம்பு நீக்கும் டிரம்மின் மூடியருகே ஒன்று, கழிவு வாய்க்கால்கள் கூடும் இடத்தில் ஒன்று, கசடுத் தொட்டியில் மேல்விளிம்பிலும் இடுப்பளவிலும் அடியிலுமாக மூன்று என்று படலங்களைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அளவுதிருத்தம் செய்த மின்வேதிக் கருவியை வைத்து, ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் முழுவதுமாகப் பதிவுசெய்ய வேண்டும். வெற்றிபெற்ற படலங்களை மட்டும் வெளியிடாமல், எந்த அமிலம் கலந்த படலம் எத்தனை வாரத்தில் வெளிறியது, எது மழைநாளில் பொய்யாக அலறியது, எது உண்மையான கசிவில் பேசாமல் இருந்தது என்னும் பட்டியலையும் சேர்த்து வெளியிட்டால், பொன்மாந்துறைச் சாலையின் ஆலைகளுக்கு மட்டுமன்றி, இதே சுண்ணாம்பும் இதே சல்ஃபைடும் புழங்கும் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆலைகளுக்கும் எந்தப் படலத்தை வாங்குவது என்று முடிவுசெய்ய அந்தப் பட்டியலே போதும்.